ஒட்டாமல் நிற்கும் பாறை: செயின்ட் பீட்டர் மணற்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைச் சுவர்கள் இருக்கின்றன. நகத்தால் சுரண்டினாலே அந்தப் பாறை சர்க்கரை போல உதிரும். ஆனால் அதே பாறைக்குள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் குடைந்த குகைகள் பல, முட்டுக்கட்டையோ கான்கிரீட்டோ இல்லாமல் இன்றும் நிற்கின்றன.

புவியியலில் இதன் பெயர் செயின்ட் பீட்டர் மணற்கல். ஜன்னல் கண்ணாடி, எஃகு வார்ப்பு, சிமெண்ட் பரிசோதனை, எண்ணெய்க் கிணறு, பாலாடைக்கட்டி, பீர், குடிநீர், இயற்கை எரிவாயு சேமிப்பு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொழில்கள் எல்லாம் இந்த ஒரே பாறையை நம்பியிருக்கின்றன. ஒரு நகரத்தின் பொருளாதாரத்தையே அழித்துவிடும் அளவுக்கு ஒரு விபத்தும் இதனால் நடந்தது. இத்தனைக்கும் இதில் இருப்பது வெறும் குவார்ட்ஸ். பூமியில் எங்கே தோண்டினாலும் கிடைக்கிற கனிமம்.

அப்படியானால் இதன் சிறப்பு எங்கிருந்து வருகிறது? என் பதில் இது: மணிகள் உருண்டை, மணிகள் சுத்தம், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மூன்று குணமும் ஒரே நீண்ட வரலாற்றின் விளைவு. இந்தப் பாறையால் கிடைத்த லாபத்தையும் நேர்ந்த நஷ்டத்தையும் இந்த மூன்றைக் கொண்டே விளக்கிவிடலாம்.

எங்கே, எப்போது

1847-ல் டேவிட் டேல் ஓவன் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். மினசோட்டா ஆற்றுக்கு அப்போது செயின்ட் பீட்டர் ஆறு என்று பெயர். அது மிசிசிப்பியோடு கலக்கும் இடத்தில், ஃபோர்ட் ஸ்னெல்லிங் கோட்டைக்கு அருகே தெரிந்த பாறையைப் பார்த்து அவர் வைத்த பெயர் இது. பெயர் அங்கே பிறந்தாலும் பாறை அங்கே முடியவில்லை. மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இல்லினாய், மிசௌரி, அர்கன்சா மாநிலங்களில் ஆங்காங்கே தரைக்கு மேலே தெரிகிறது. இந்தியானாவுக்கும் மிச்சிகனுக்கும் அடியில் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் தடிமன் 30 முதல் 60 மீட்டர். மிச்சிகன் படுகையில் மட்டும் 300 மீட்டரையும் தாண்டுகிறது.

வயது சுமார் 46 கோடி ஆண்டுகள், ஆர்டோவிசியன் காலம். அதற்கு முன்பு வட அமெரிக்காவின் நடுப்பகுதியை மூடியிருந்த ஆழமற்ற கடல் வடிந்து போயிருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற, சுண்ணாம்புக்கல்லை ஒத்த டோலமைட் பாறைகள் நெடுங்காலம் மழையில் கரைந்து, பள்ளமும் குழியுமாகக் கிடந்தன. அப்புறம் கடல் மீண்டும் ஏறி வந்தது. ஏறி வந்த கடலின் கரையோர மணல்தான் செயின்ட் பீட்டர். பழைய பள்ளங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டு படிந்ததால், இதன் அடிப்பகுதி எங்கும் சமமாக இருக்காது. ஓரிடத்தில் 30 மீட்டர் தடிமன் காட்டும் பாறை, சிறிது தூரத்திலேயே இரண்டு மூன்று மடங்காகும். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்கு இது இன்றும் தலைவலி.

லாரன்ஸ் ஸ்லாஸ் என்ற புவியியலாளர் 1963-ல் வட அமெரிக்கப் படிவுப் பாறைகளை ஆறு பெரிய கடலேற்றங்களாகப் பிரித்தார். அவர் வகுத்த இரண்டாவது தொகுதி செயின்ட் பீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. இதன் மேலே வடக்கில் மெல்லிய கிளென்வுட் களிப்பாறையும் கெட்டியான பிளாட்வில் சுண்ணாம்புக்கல்லும் கூரை போட்டிருக்கின்றன. அருவி, குகை, விபத்து எல்லாவற்றிலும் இந்தச் சுண்ணாம்புக்கல் கூரைக்கு ஒரு பங்கு உண்டு.

ஏன் இவ்வளவு உருண்டை?

ஒரு குவார்ட்ஸ் மணியை உருட்டி உருண்டையாக்குவது எளிதல்ல. ஆறு அடித்துக்கொண்டு போனால் உருண்டையாகிவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். கூழாங்கல்லுக்கு அது சரி. மணலுக்குச் சரிவராது. மணல் மணி மிகச் சிறியது. தண்ணீருக்குள் இரண்டு மணிகள் மோதும்போது இடையிலுள்ள நீர்ப்படலமே மோதலை மென்மையாக்கிவிடும். டச்சுப் புவியியலாளர் ஃபிலிப் கூனன் 1960 வாக்கில் வெளியிட்ட ஆய்வக முடிவுகள் இதை எண்ணால் காட்டின: ஒரே தூரத்துக்கு மணலைக் கடத்தினால், காற்று தண்ணீரைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு வேகமாக மணியைத் தேய்க்கிறது.

46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலத்தை இங்கே மனதில் கொண்டுவர வேண்டும். அன்றைய வட அமெரிக்கா நிலநடுக்கோட்டுக்கு அருகே கிடந்தது. மரம் இல்லை, புல் இல்லை. மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேர் என்று எதுவும் இல்லை. கனடியக் கேடயம் என்ற மிகப் பழைய பாறைப் பரப்பிலிருந்து அரிக்கப்பட்ட மணலைக் காற்று தடையில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணல் ஆர்டோவிசியனுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்தில் ஒருமுறை மணற்கல்லாகப் படிந்து, மறுபடி அரிக்கப்பட்டு, மறுபடி காற்றிலும் அலையிலும் புரண்டு செயின்ட் பீட்டரில் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த மணலில் சிதறிக் கிடக்கும் சிர்கான் என்ற கடினமான கனிம மணிகளின் வயதை அளந்தால், சுமார் 270 கோடி ஆண்டு, சுமார் 100 முதல் 120 கோடி ஆண்டு என்ற இரண்டு தொகுதிகள் முன்னே நிற்கின்றன. பாறையின் வயதைவிட மணிகளின் வயது பல மடங்கு.

ஒவ்வொரு சுழற்சியிலும் பலவீனமானவை கழிந்தன. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகிக் காற்றோடும் நீரோடும் போயிற்று. மைக்கா போயிற்று. எஞ்சியது குவார்ட்ஸ் மட்டும், 99 சதவீதத்துக்கு மேல். அளவும் ஒரே சீராக, பெரும்பாலும் 0.1 முதல் 0.6 மி.மீ. வரை. மணியின் மேற்பரப்பு உறைபனி படிந்த கண்ணாடியைப் போல மங்கலாக இருக்கும். காற்றில் மோதியதால் வந்த மங்கல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாறைக்குள் இருந்தபோது நடந்த வேதி மாற்றங்களாலும் அது வரும் என்பது பின்னால் தெரிந்தது. அதனால் மங்கலை மட்டும் வைத்துக்கொண்டு பாலைவனம் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. செயின்ட் பீட்டரின் பெரும்பகுதி கடைசியாகப் படிந்தது ஆழமற்ற கடலில்தான். புழுக்கள் குடைந்த செங்குத்துத் துளைகள் அதற்குச் சாட்சி.

மூன்றாவது குணம்தான் எனக்கு மிகவும் வியப்பு. மணற்கல் என்றால் மணிகளுக்கு இடையே சிலிக்காவோ கால்சைட்டோ இரும்பு ஆக்சைடோ பசையாக இறங்கி இறுகியிருக்கும். செயின்ட் பீட்டரின் பெரும் பரப்பு ஆழமாகப் புதைக்கப்படவே இல்லை. வெப்பமும் அழுத்தமும் போதவில்லை, பசை இறங்கவில்லை. மிச்சிகன் படுகையில் ஆழத்துக்குப் போன அதே பாறை குவார்ட்ஸ் பசையால் இறுகிக் கெட்டியாகிவிட்டது. அங்கே அது இயற்கை எரிவாயு எடுக்கும் பாறை. மினசோட்டாவிலும் இல்லினாயிலும் அது இன்னும் மணல்தான்.

பசை இல்லாமல் எப்படி நிற்கிறது, எப்போது நிற்காது

மண்ணியக்கவியலில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த மணிகள், தொடும் இடங்களில் மெல்லக் கரைந்து, ஒன்றின் வளைவு மற்றொன்றின் வளைவுக்குள் பொருந்திவிட்டன. புள்ளியாக இருந்த தொடர்பு, பரப்பாகிவிட்டது. மொரீஸ் டுசோ, நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன் இருவரும் 1979-ல் இந்த வகை மணல்களைப் பற்றி எழுதிய ஆய்வில் செயின்ட் பீட்டரும் இடம்பெற்றது. பூட்டுண்ட மணல் என்று சொல்லலாம். அதை நகர்த்த வேண்டுமானால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விரிந்தாக வேண்டும். அதற்குப் பெரும் விசை தேவை. அதனால்தான் செங்குத்துச் சுவர் நிற்கிறது, குகைக் கூரை நிற்கிறது.

ஆனால் ஒருமுறை பூட்டு விட்டால் எல்லாம் போச்சு. கையில் இருப்பது வெறும் ஈர மணல். அதை அடித்துக்கொண்டு போகத் தண்ணீருக்கு அதிக வேகம்கூட வேண்டாம்.

மினியாபொலிஸ் நகரம் இதை 1869-ல் கற்றுக்கொண்டது. அங்கே மிசிசிப்பியில் செயின்ட் ஆன்டனி அருவி இருக்கிறது. மேலே பிளாட்வில் சுண்ணாம்புக்கல், கீழே செயின்ட் பீட்டர். விழும் நீர் கீழேயுள்ள மணற்கல்லைக் குடைய, மேலே துருத்தி நிற்கும் சுண்ணாம்புக்கல் உடைந்து விழும். அருவி ஒரு படி பின்னால் நகரும். பனியுகத்தின் முடிவிலிருந்து சுமார் 12,000 ஆண்டுகளில் அது ஃபோர்ட் ஸ்னெல்லிங் பக்கத்திலிருந்து மினியாபொலிஸ் வரை பின்வாங்கியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ஆபத்து கண்ணெதிரே தெரிந்தது. அருவிக்கு மேலே சுண்ணாம்புக்கல் இன்னும் சில நூறு மீட்டர்தான் மிச்சம். அதோடு அது முடிந்துவிடும். அருவி அங்கே போய்ச் சேர்ந்தால், மர ஆலைகளும் மாவு ஆலைகளும் நம்பியிருந்த நீர்வீழ்ச்சி வெறும் சரிவோட்டமாகிவிடும்.

இந்த நிலையில் நிக்கலட் தீவின் உரிமையாளர்கள், தங்கள் தீவில் ஆலை கட்டுவதற்காக ஒரு கழிநீர்ச் சுரங்கம் தோண்டினார்கள். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீர் அதன் வழியே அருவிக்குக் கீழே போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். ஈஸ்ட்மன் சுரங்கம் என்று பெயர். சுமார் 6 அடி அகலம், 6 அடி உயரம். திட்டமிட்ட நீளம் 2,500 அடி. சுண்ணாம்புக்கல்லுக்கு நேர் கீழே, மென்மையான மணற்கல்லில், அருவிக்குக் கீழிருந்து மேல்நோக்கிக் குடைந்துகொண்டே போனார்கள். குடைவது எளிது என்பதுதான் அந்த வழியின் கவர்ச்சி. 1869 அக்டோபர் 5-ஆம் தேதி ஆறு உள்ளே புகுந்தது. சின்னக் கசிவாக ஆரம்பித்தது, மணலை அள்ளிக்கொண்டு பெரிய ஓட்டையாகியது. பக்கத்திலுள்ள ஹெனப்பின் தீவின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஊர் மக்கள் மரம், கல், மண் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஓட்டைக்குள் கொட்டினார்கள். எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று.

ஏழு ஆண்டுகள் போராடிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1874 முதல் 1876 வரை, ஆற்றின் குறுக்கே சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில், மணற்கல்லுக்குள் ஒரு கான்கிரீட் தடுப்புச்சுவரை எழுப்பியது. ஏறத்தாழ 560 மீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம். நீர் மணற்கல்லுக்குள் ஊடுருவும் வழி அடைக்கப்பட்டது. அதற்குப் பின்னர்தான் 1880-க்குப் பிறகு சுமார் 50 ஆண்டுகள் மினியாபொலிஸ் அமெரிக்காவின் மாவு உற்பத்தித் தலைநகராக இருக்க முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் இன்று அங்கே பார்ப்பது கான்கிரீட் சரிவுத்தளத்தில் வழியும் நீரை. நகரத்தைக் காப்பாற்றியதோ கண்ணுக்கே தெரியாத அந்த நிலத்தடிச் சுவர்தான்.

பாறையின் மேல் பழி போடுவதற்கில்லை. அதே மினியாபொலிஸில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1980-களின் தொடக்கத்தில் தன் சிவில் பொறியியல் கட்டடத்தை நிலத்தடியில், சுமார் 33 மீட்டர் ஆழம் வரை கட்டியது. சுண்ணாம்புக்கல்லைக் கூரையாக விட்டுவிட்டு, கீழேயுள்ள செயின்ட் பீட்டரைக் குடைந்து வகுப்பறைகளும் ஆய்வகங்களும் அமைத்தார்கள். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. வெளியே ஓட வழியுள்ள நீரை இந்தப் பாறைக்குள் விடக்கூடாது. விட்டால் அது மணலையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

ஒட்டாவா: தண்ணீரால் உடைக்கும் சுரங்கம்

சரி, தொழிலுக்கு வருவோம். சிகாகோவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கி.மீ. தூரத்தில், இல்லினாய் ஆற்றின் கரையில் ஒட்டாவா என்ற சிறு நகரம் இருக்கிறது. கனடாவின் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லாசால் மேல்மடிப்பு என்ற நிலமடிப்பு இங்கே ஆழத்தில் கிடந்த செயின்ட் பீட்டரைத் தரைமட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. 'உலகின் சிலிக்கா மணல் தலைநகரம்' என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மணிகள் ஒட்டாத குணம் இங்கேதான் பணமாகிறது. மற்ற ஊர்களில் மணற்கல்லை வெடிவைத்து, நொறுக்கி, அரைத்துத்தான் மணலாக்க வேண்டும். அரைத்தால் மணி உடையும், கூர்முனை வரும், தூள் பெருகும், மின்செலவு ஏறும். ஒட்டாவாவில் வெடிவைத்துத் தளர்த்திய பாறைமுகத்தில் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சுவார்கள். பாறை தனித்தனி மணிகளாகக் கரைந்து குளத்தில் சேரும். அதைக் குழம்பாகவே குழாய் வழியே ஆலைக்கு ஏற்றி, கழுவி, உலர்த்தி, சலித்து, அளவுவாரியாகப் பிரிக்கிறார்கள். மணி உடையாமல் அப்படியே வருகிறது. கழுவி வந்த மணலில் சிலிக்கா 99.8 சதவீதம் அளவுக்கு இருக்கும்.

முதல் பெரிய வாடிக்கையாளர் கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்காதான். மீதி சோடாவும் சுண்ணாம்பும். கண்ணாடிக்காரர் முதலில் கேட்பது இரும்பைப் பற்றி. இரும்பு ஆக்சைடு சிறிது கூடினாலும் கண்ணாடி பச்சையடிக்கும். நிறமற்ற கண்ணாடிக்கு மணலில் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அடுத்த கேள்வி மணி அளவு. பெரிய மணி உலையில் உருகாமல் கல்லாகக் கண்ணாடிக்குள் மாட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய தூள் உலைக்காற்றில் பறக்கும். இரண்டு சோதனையிலும் செயின்ட் பீட்டர் இயற்கையாகவே தேறிவிடுகிறது. மிசௌரியில் இதே பாறையை நம்பி 1870-களில் எழுந்த தட்டைக் கண்ணாடித் தொழிலால் ஓர் ஊருக்கே கிரிஸ்டல் சிட்டி என்று பெயர் வந்தது. ஒட்டாவாவில் பெல்டியர் நிறுவனம் கோலிக்குண்டு செய்து பேர்பெற்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர்டு நிறுவனத்தின் கதை. 1925-ல் செயின்ட் பாலில், மிசிசிப்பியின் மேட்டில் கார் ஆலை திறந்தார்கள். மின்சாரம் பக்கத்து அணையிலிருந்து வந்தது. கார்க் கண்ணாடிக்கான மணலோ ஆலையின் அடியிலேயே. தரைக்குக் கீழே செயின்ட் பீட்டரில் சுரங்கம் குடைந்து, அந்த மணலை மேலே ஏற்றி, அங்கேயே கண்ணாடியாக்கி, அங்கேயே காரில் பொருத்தினார்கள். 1950-களின் இறுதி வரை இது நடந்தது. கார் ஆலை 2011-ல் மூடப்பட்டது.

வார்ப்பாலைகளுக்கு வேண்டியது உருண்டை. எஃகு வார்ப்பு 1,600 டிகிரிக்குப் பக்கத்தில் ஊற்றப்படுகிறது; குவார்ட்ஸ் அதைத் தாங்கும். களிமண்ணும் இரும்பும் கலந்த மணல் அந்தச் சூட்டில் இளகி வார்ப்போடு ஒட்டிக்கொள்ளும். உருண்டை மணிக்கு மேற்பரப்பு குறைவு, அதனால் அச்சைப் பிடிக்கும் பிசின் குறைவாகப் போதும். மணிகளுக்கிடையே வாயு வெளியேறவும் வழியுண்டு. ஒரு குறை உண்டு. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறித் திடீரென்று விரியும்; அச்சில் விரிசல் விழும். எவ்வளவு சுத்தமான மணலாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நுணுக்கமான வார்ப்புகளுக்குச் சிர்கான், குரோமைட் மணலைத் தேடிப் போவது இதனால்தான்.

இனி வருவது சிவில் பொறியியல் படித்த எல்லோருக்கும் பழக்கமான விஷயம். சிமெண்ட்டின் வலிமையைச் சோதிக்க, அதை மணலோடு கலந்து சிறு கனசதுரமாக வார்த்து, சில நாள் கழித்து நசுக்கிப் பார்ப்போம். மணல் ஆளுக்கு ஆள் மாறினால் முடிவும் மாறும். எந்தச் சிமெண்ட் நல்லது என்று ஒப்பிடவே முடியாது. அதனால் ஒவ்வொரு நாடும் ஒரு ஊரின் மணலைத் தரமணலாக வைத்துக்கொண்டது. இந்தியாவுக்கு அது எண்ணூர் மணல். ஐ.எஸ். 650 தரக்குறிப்பு அதைத்தான் சொல்கிறது. நம் ஊர் சோதனைக்கூடங்களில் மூன்று அளவுகளில் பையில் வரும் அந்த மணலில் மூன்று பங்கும் சிமெண்ட் ஒரு பங்குமாகச் சேர்த்து 70.6 மி.மீ. கனசதுரம் வார்ப்போம். இங்கிலாந்தில் முன்பு இதற்கு நிகராக இருந்தது லேட்டன் பஸர்ட் மணல். அமெரிக்காவில் ஒட்டாவா மணல், அதாவது செயின்ட் பீட்டர். அங்கே ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு 2.75 பங்கு மணல். மண்ணியக்கவியல் ஆய்விலும், நில அடர்த்தி அளக்கும் மணல் கூம்புச் சோதனையிலும் ஒட்டாவா மணல் ஒரு பொது அளவுகோல். டன் கணக்கில் பார்த்தால் இது மிகச் சிறிய பயன்பாடுதான். ஆனாலும் ஒரு பாறைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை இது என்று நினைக்கிறேன்: நாடு முழுக்க மற்ற பொருள்களை அதை வைத்து அளக்கிறார்கள்.

ஃபிராக் மணல் ஏறியதும் இறங்கியதும்

2008-க்குப் பிறகு இந்த அமைதியான தொழிலுக்குள் புயல் வீசியது. களிப்பாறையிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்க, உயர் அழுத்த நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள்; இதுதான் ஃபிராக்கிங். அழுத்தத்தை எடுத்ததும் பிளவு மூடிக்கொள்ளும். மூடாமல் இருக்க நீரோடு மணலையும் அனுப்புகிறார்கள்; மணிகள் பிளவுக்குள் முட்டுக்கொடுத்து நிற்க, இடைவெளி வழியே எண்ணெய் வருகிறது. மணி உருண்டையாக இருந்தால் இடைவெளி அதிகம், அழுத்தமும் எல்லாப் பக்கமும் பரவும். கூர்முனை உள்ள மணி நொறுங்கித் தூளாகி வழியையே அடைத்துவிடும். உருண்மையும் கோளத்தன்மையும் (1 என்றால் முழு உருண்டை) குறைந்தது 0.6 இருக்க வேண்டும் என்பது பெட்ரோலியத் துறையின் தரக்குறிப்பு.

காற்று தேய்த்த ஆர்டோவிசியன், கேம்பிரியன் மணல் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. விஸ்கான்சினின் ஜோர்டன், வோனிவாக், மவுண்ட் சைமன் மணற்கற்களோடு செயின்ட் பீட்டரும் சேர்ந்து 'நார்தர்ன் ஒயிட்' என்ற வணிகப் பெயரில் விற்றது. ஒரு கிணற்றுக்குப் பல ஆயிரம் டன். அமெரிக்காவின் தொழில்துறை மணல் உற்பத்தி ஆண்டுக்கு 10 கோடி டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி ஃபிராக் மணல். செயின்ட் பீட்டரின் மணி ஜோர்டனைவிட நுண்ணியது. ஆரம்பத்தில் அது ஒரு குறையாகத் தெரிந்தது. துளையிடும் நிறுவனங்கள் மெல்லிய நீர்க்கரைசலுக்கும் நுண்மணலுக்கும் மாறியபோது அதுவே சாதகமாயிற்று.

இல்லினாயின் லாசால் மாவட்டத்தில் இதன் விலையை வேறு விதமாகக் கொடுத்தார்கள். ஸ்டார்வ்டு ராக் மாநிலப் பூங்காவின் மணற்கல் பள்ளத்தாக்குகளும் செயின்ட் பீட்டரில் அமைந்தவைதான். பனிப்பாறை உருகி வந்த பெருவெள்ளம் அகழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஓடைகள் வெட்டியவை அவை. 1911 முதல் அது பூங்கா. அதன் கிழக்கு எல்லையருகே 2012 வாக்கில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. என் பார்வையில் அந்த எதிர்ப்பு நியாயமானது. அதே மாவட்டத்தில் அதே பாறை பல இடங்களில் தரையருகே கிடக்கிறது. பள்ளத்தாக்குகளாகச் செதுக்கப்பட்டு, மக்கள் வந்து பார்க்கும்படி இருப்பது சில இடங்களில் மட்டும்தான்.

இறக்கமும் வேகமாகவே வந்தது. டெக்சாசுக்கு ரயிலில் அனுப்பும் செலவு மணலின் விலையையே தாண்டிக்கொண்டிருந்தது. 2017-ல் மேற்கு டெக்சாசின் கெர்மிட் அருகே மணல் மேடுகளில் உள்ளூர்ச் சுரங்கங்கள் திறந்தன. அந்த மணல் தரத்தில் குறைவு. நசுங்கும் அழுத்தம் குறைவு. இருந்தாலும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. 2019, 2020-ல் வடக்கின் பெரிய மணல் நிறுவனங்கள் சில திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தன. கண்ணாடிக்கும் வார்ப்புக்கும் விற்றுவந்த பழைய சுரங்கங்கள் இந்த அடியைத் தாங்கிக்கொண்டன.

குகைகள், அப்புறம் தூசி

செயின்ட் பால் குகைகளில் ஆண்டு முழுக்க சுமார் 11 டிகிரி வெப்பம், நல்ல ஈரப்பதம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் பீரை அங்கே பதப்படுத்தினார்கள். பின்னர் காளான் வளர்த்தார்கள். 1930-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லிஸ் கோம்ஸ், பிரான்சின் ரோக்ஃபோர்ட் குகைகளுக்கு நிகரான சூழல் இங்கே இருப்பதைக் கண்டு நீலப் பாலாடைக்கட்டி விளைவிக்கத் தொடங்கினார். பக்கத்து ஃபரிபால்ட் ஊரில் 1936 முதல் பழைய மதுவடிப்பாலைக் குகைகளில் அதே தொழில் நடந்தது. இதற்கெல்லாம் முன்பே டகோட்டா மக்களுக்கு இந்தப் பாறையின் ஒரு குகை, வாகன் டிபி, புனித இடம். கைவிடப்பட்ட குகைகள் ஆபத்தானவையும்கூட. 2004-ல் செயின்ட் பாலில் அப்படி ஒரு குகைக்குள் போன இளைஞர் மூவர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள்.

தூசியைச் சொல்லாமல் சிலிக்காவைப் பற்றி எழுதக்கூடாது. 100 மைக்ரானுக்கு (0.1 மி.மீ.) மேலுள்ள இயற்கை மணி நுரையீரலுக்குள் போகாது. உலர்த்தும்போதும் கொட்டும்போதும் மணிகள் உரசி உடைந்து வரும் சில மைக்ரான் துகள்தான் சிலிக்கோசிஸைக் கொண்டுவருகிறது. அந்த நோய்க்கு மருந்து இல்லை. அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார ஆய்வகம் ஃபிராக் தளங்களில் எடுத்த காற்று மாதிரிகளில் ஏறக்குறைய பாதி சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது. 2012-ல் எச்சரிக்கை வெளியானது. 2016-ல் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. இந்தத் திருத்தம் பல பத்தாண்டுகள் தாமதம். மணலை வாங்குகிறவர் உருண்மையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த காலத்தில், அதைக் கொட்டுகிறவரின் மூச்சை யாரும் அளக்கவில்லை.

தண்ணீர்

இந்தப் பாறையின் மிகப் பெரிய பயன்பாடு மணல் அல்ல, நீர் என்பது என் கருத்து. ஒட்டாத மணிகளுக்கிடையே உள்ள இடைவெளி எல்லாம் நீர்த்தேக்கம். இல்லினாய், அயோவா, விஸ்கான்சின், மினசோட்டாவின் பல ஊர்களுக்கு இது நிலத்தடி நீர்ப்பாறை. அதே இடைவெளியில் அயோவாவின் ரெட்ஃபீல்ட் அருகே கோடையில் இயற்கை எரிவாயுவை அழுத்திச் சேமித்து, குளிர்காலத்தில் எடுக்கிறார்கள்.

நீர் எளிதாக ஓடும் பாறையில் நஞ்சும் எளிதாக ஓடும். மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க்கில் 1917 முதல் 1972 வரை ஒரு கிரியோசோட் (மரத்தைப் பதப்படுத்தும் தார் எண்ணெய்) ஆலை இயங்கியது. அதன் தார்க்கழிவு, பல அடுக்குகளை இணைத்த பழைய கிணறுகள் வழியே செயின்ட் பீட்டருக்கும் அதற்குக் கீழேயும் இறங்கியது. 1978 முதல் அந்த ஊரின் குடிநீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

வடகிழக்கு இல்லினாயின் பிரச்சினை அளவு. 1860-களில் சிகாகோவில் தோண்டிய முதல் ஆழ்கிணறுகளில் நீர் தானாகவே தரைக்கு மேல் பீறிட்டது. நூறு ஆண்டு பம்பு போட்டதில் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான அடி தாழ்ந்தது. இங்கே செயின்ட் பீட்டரின் மேலே மகோகெட்டா களிப்பாறை மூடியிருக்கிறது. மழைநீர் நேராக இறங்காது. எடுப்பது நொடியில், நிரம்புவது யுகத்தில். 1980-களில் புறநகர்கள் பல மிச்சிகன் ஏரி நீருக்கு மாறியதும் மட்டம் ஓரளவு ஏறியது. மாறாத ஜோலியட் பகுதியில் இறங்கிக்கொண்டே போயிற்று. 2030 வாக்கில் உச்சத் தேவையை இந்தப் பாறையால் தர முடியாது என்று மாநில நீர் ஆய்வகத்தின் கணிப்பு சொன்னது. ஒன்றரை லட்சம் பேர் வாழும் அந்த நகரம் 2021-ல் சிகாகோவிடமிருந்து ஏரி நீரை வாங்க முடிவு செய்தது. அண்டை ஊர்கள் ஐந்தும் சேர்ந்துகொண்டன. நீர் 2030-ல் வர வேண்டும்.

அந்த ஆறு ஊர்கள் விலகிய பிறகும் ஆலைகளின் ஆழ்கிணறுகள் அதே பாறையில்தான் இருக்கும். மேற்கே லாசால் மாவட்டத்தில் அதே பாறை தரைக்கு வரும் இடத்தில் மணல் எடுப்பதும் தொடரும். மணலுக்கு ஒரு அலுவலகம், நீருக்கு ஒரு அலுவலகம் என்று தனித்தனியாக அனுமதி கொடுப்பது சரியில்லை. எவ்வளவு டன் மணல், எவ்வளவு லிட்டர் நீர் என்ற இரண்டு கணக்கையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்த பிறகே அடுத்த அனுமதி தரப்பட வேண்டும்.